முள் படுத்த இடம்

ஸ்டேஞ்சரில் விடியற்காலை மூன்றரைக்குச்
சாவியைத் திருப்பினால்
முள் எகிறி எச்-சில் போய் நிற்கும்.
ஜூலைக் குளிர். எண்ணெய் இன்னும்
வெல்லப்பாகு.
பலம் என்று அதைத்தான்
நாலு வருஷமாய் நினைத்திருந்தேன்.

இங்கே பிக்கப் வண்டிக்குப் பெயர் பக்கி.
பெட்ரோல் குடிப்பதைப் பார்த்தால்
பொருத்தம்தான்.
எங்கள் பக்கியின் அந்தச் சின்ன வட்டத்தில்
எண்ணே கிடையாது.
இந்தக் கோடியில் எல், அந்தக் கோடியில் எச்,
நடுவே எண்ணெய்க் குப்பிப் படம்,
மூக்கு நுனியில் ஒரு சொட்டு.
எவ்வளவு இருந்தால் சரி என்று
அந்தச் சொட்டு சொன்னதில்லை.

பின்னால் பதினெட்டு மூட்டை மடும்பி, மண்ணோடு.
சேப்பங்கிழங்கு என்று கூவினால்
மாரிட்ஸ்பர்க் மார்க்கெட்டில் ஒருவரும் திரும்பார்.
கீ ரிட்ஜ் ஏற்றத்தில்
மூன்றாம் கியர், பிறகு இரண்டு,
லாரிகளின் வரிசையில் நானும் ஒரு லாரி.
முள் பாதிக்கு மேலேயே இருந்தது.
ஏறும்போது அது என்னைப் பயமுறுத்தவில்லை.

கேட்டோ ரிட்ஜில் நெடுஞ்சாலையை விட்டிறங்கி
ரோபோவில், அதாவது சிக்னலில்,
சிவப்புக்கு நின்றபோதுதான்
சாய்ந்தது.
எல்-லின் காலடியில் போய்ப் படுத்து
லேசாக நடுங்கியது.

தீனாவுக்கு போன் போட்டேன்.
“முள் மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடு” என்றான்
தூக்கத்தில்.
கட்டிய புருஷன்.

ஓரங்கட்டி அணைத்தேன்.
ஐந்து நிமிஷம் பொறுத்து, குச்சியை உருவி,
முந்தாநாள் பேப்பரில் துடைத்து
மறுபடி விட்டு எடுத்தேன்.
இரண்டு கோட்டுக்கும் நடுவில் எண்ணெய்,
கறுப்பாக, குறையாமல்.
அப்படியானால் போனது எது?

முசாவென்கோசியின் பட்டறை ஆறு மணிக்கு.
ஐந்தே முக்காலுக்கே வந்துவிட்டான்,
கம்பளித் தொப்பி, கையில் டீ.
“எண்ணெய் இருக்கிறதென்று குச்சி சொல்லும்.
அது ஓடி எல்லா இடமும் சேர்கிறதா,
குச்சிக்குத் தெரியாது.”
என்ஜின் விலாவிலிருந்த சென்சாரைக் கழற்றினான்.
அந்தத் துளையில் ஒரு ரப்பர் குழாய்,
குழாய் முனையில் அவனுடைய மீட்டர்.
பித்தளை விளிம்பு. எண்கள் போட்டது.

இருபது நிமிஷம் ஓடவிட்டான்.
சூடாகட்டும், குளிரில்
எல்லா என்ஜினும் பெருமை பேசும் என்றான்.
பிறகு காட்டினான்:
சும்மா நிற்கையில் ஒன்றுக்குச் சற்றுக் கீழே.
இரண்டாயிரம் சுற்றில் இரண்டு பார்.
மூவாயிரத்தில் மூன்றேகால்.
காலை எடுத்தான். இறங்கியது,
ஷிஃப்ட் முடிந்தவன்
செருப்பைக் கழற்றுவது போல.

“ரத்தக்கொதிப்பு மாதிரியா?”
“இல்லை. எண்ணெய் மாதிரி.”
சூட்டில் இளகும். நிற்கும்போது
பம்ப் மெதுவாய்ச் சுற்றும். முள் சாயும்.
பொய் சொன்னது உன் சென்சாரும் இல்லை,
உன் எண்ணெயும் இல்லை என்றான்.
மிச்சம் இருந்தது நான்தான்.

அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டே,
வேறு குரலில்:
ஓடும்போது விழுந்தால்,
உள்ளே சுத்தியல் தட்டுவதுபோல் கேட்டால்,
அடுத்த கேட் வரைக்கும்கூட ஓட்டாதே.
அங்கேயே அணை.
எண்ணெய் கருகிய விரலால்
என் சாவியைத் தொட்டுக் காட்டினான்.

காசும் வாங்கினான்.
ஆறு கிழங்கும் எடுத்துக்கொண்டான், பெரியதாகப் பார்த்து.

மார்க்கெட்டில் நல்ல இடம் போயிருந்தது.
மீன்காரருக்குப் பக்கத்தில் விரித்தேன்.
நாலு மூட்டை மிச்சம்.

திரும்பும் முன், டாஷ்போர்டில்
மாஸ்கிங் டேப் ஒட்டி எழுதினேன்,
சனிக்கிழமை வகுப்பில் கற்ற
குண்டு குண்டு எழுத்தில்:
நிற்கும்போது சாயும். பயமில்லை.

தீனாவுக்குத் தமிழ் கேட்டால் புரியும்,
படிக்க வராது.
ஞாயிறு, கோயிலுக்குப் போகிற வழியில்
ரோபோ சிவந்தது. முள் படுத்தது.
டேப்பைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
கன்னத்தில் போட்டுக்கொண்டான்.