மூன்று மீட்டர் ஐந்து சென்டிமீட்டர்

இத்தாலிக்காரன் வரைந்தான். நாங்கள் முடுக்கினோம்.
எழுபத்து மூன்றில் முதல் வண்டி பியெல்ஸ்கோவில் உருண்டபோது
எனக்கு வயது பத்தொன்பது.
இரண்டு வருடத்தில் எங்கள் டிஹிக்கும் தொழிற்சாலை வந்தது.
எனக்குக் கொடுத்த வேலை
பின்கண்ணாடிக்கு ரப்பர் பூட்டுவது.
கயிற்றை இழு, கட்டைவிரலால் அழுத்து, அடுத்தது.
கட்டைவிரலால் அழுத்து, அடுத்தது.
ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை என்று எண்ணியதில்லை;
எண்ணினால் வலிக்கும்.
ரப்பருக்கு அடியில், யாரும் பார்க்காத தகரத்தில்,
பென்சிலால் தேதியும் என் பெயரின் முதலெழுத்தும்.
யாரும் கேட்கவில்லை, நானாக எழுதினேன்.

நாளெல்லாம் கார் செய்துவிட்டு
நடந்தே வீடு திரும்பினேன்.
வங்கியில் சேமிப்புப் புத்தகம்; மாதாமாதம் ஒரு முத்திரை.
அலோய்ஸி வயிற்றிலிருந்தபோது பதிந்துவைத்தோம்.
பிறந்தான். பல் முளைத்தது.
"வண்டி எங்கே?" என்று கேட்குமளவு
பேச்சும் முளைத்தது.

எண்பத்திரண்டு பிப்ரவரியில் வந்தது.
சிவப்பு கேட்டிருந்தோம்;
வெந்த முட்டைக்கோஸ் நிறத்தில் நின்றது.
அந்த வரிசையில் வேண்டாம் என்று சொன்னவர் எவருமில்லை.

ஆவணத்தில் அதற்கு ஓர் எண்.
ஊர் வாயில் மாலுஹ், பொடியன்.
தாளில் இருபத்து நாலு குதிரை;
அதில் நாலு எப்போதும் தூக்கம்.
இருக்கைகளுக்கு நடுவே ஒரு சின்ன நெம்புகோல்,
இழுத்தால் உயிர் வரும்.
கம்பி அறுந்துபோனால்
பின்னால் போய் மூடியைத் திறந்து
விளக்குமாற்றுக் கட்டையால் குத்த வேண்டும்.
அதற்கென்றே ஒரு விளக்குமாறு வைத்திருந்தோம்,
வீடு கூட்டியது வேறொன்று.

என் எர்வின் பகலில் ஓட்டியது
பன்னிரண்டு மீட்டர் டிராலிபஸ்.
மாலையில் இதற்குள் மடிந்து உட்காருவான்,
முழங்கால்கள் காதுக்கு அருகே,
வெட்டுக்கிளி ஒன்று லைசென்ஸ் எடுத்ததுபோல.

எண்பத்து நாலு கோடையில் கருங்கடலுக்குக் கிளம்பினோம்.
கூரைமேல் கூடாரம், ஸ்டவ், டின் இறைச்சி,
உருளைக்கிழங்கு, உபரி டயர்:
குருவி தலையில் பனங்காய்.
அந்தக் குருவி இரண்டு எல்லை தாண்டிப் பறந்தது.

மூன்றாவது நாள் ருமேனிய மலையில் மழை.
ஏறமாட்டேன் என்றது வண்டி, பிறகு ஏறியது.
பின்சீட்டில் அலோய்ஸிக்கு
என்ஜின் சூட்டில் முதுகு வெந்தது, தலை நனைந்தது.
பின்கண்ணாடி ஒழுகியது.

எர்வின் திரும்பி என்னைப் பார்த்தான்.
"அது மாலை ஷிஃப்ட்" என்றேன்.

இருவரும் தூங்கிய பிறகு
டார்ச் வெளிச்சத்தில் ரப்பரை மெல்லப் பிரித்தேன்.
பென்சில் அழியாமல் இருந்தது.
என் எழுத்து.
எண்பத்தொன்று, டிசம்பர் பதினொன்று என்றோ
பன்னிரண்டு என்றோ இருந்திருக்கலாமே என்று
விரலால் தேய்த்துப் பார்த்தேன்.
இல்லை. அதற்கு அடுத்த வாரம்.
தெருப் பனியில் டாங்கித் தடம்.
தம்பி கெர்ஹார்ட் நாலு நாளாய் வீடு வரவில்லை,
எந்தக் காவலறையில் என்று சொல்ல ஆளில்லை.
கை வரிசையில் நின்றது,
நான் அங்கே இல்லை.

எழுத்தைத் துடைக்கவில்லை.
பசை தடவி மூடினேன்.

கெர்ஹார்ட் வசந்தத்தில் திரும்பியிருந்தான்,
முன்பற்கள் இரண்டு இல்லாமல்.
வண்டியைத் தொண்ணூற்று மூன்றில்
சைக்கிள் விலைக்கு ஒரு மாணவன் கொண்டுபோனான்.
பொடியன் என்ற செல்லப்பெயரைக்
கம்பெனி ஒப்புக்கொண்டு பின்னால் ஒட்டியது
தொண்ணூற்றேழில்;
மூன்றே வருடத்தில் கடைசி வண்டியும் வெளியேறியது.
அன்று நான் வேறு மாடலுக்கு, வேறு கண்ணாடிக்கு
ரப்பர் பூட்டிக்கொண்டிருந்தேன்.
எந்திரம் அழுத்தியது; நான் பார்த்தேன்.

அலோய்ஸிக்கு இப்போது அப்பன் உயரம்.
அவனுடைய நீளமான காரில் மழை கேட்டுப் போகும்போது
சிரித்துக்கொண்டே கேட்கிறான்,
"அந்த மலையில் ஏன் அப்படி ஒழுகியது அம்மா?"

மாலை ஷிஃப்ட், என்கிறேன்.