காரணம் என்ற கட்டம்

கோபாலபுரம் சோதனைச்சாவடி, காலை ஆறு இருபது.
கல்லூரி கேமராவுக்கு மாலை ஐந்து வரை ஆயுள்,
பேட்டரிக்கு அதில் பாதி.
கையில் ஒரு தாள், மூன்று கட்டம்:
அசைவு. நொடி. காரணம்.

முதலில் பேன்.
தமிழ்ப் பலகையில் தொடங்கி
மலையாளப் பலகையில் முடிக்க வேண்டும்.
இடுப்பைத் திருப்பு, காலைத் திருப்பாதே என்றாள் நஸ்ரின்.
திருப்பினேன்.
இரண்டு எழுத்துக்கும் நடுவே
ஒரு புளியமரம், ஒரு பேக்கரி, டீ ஆற்றும் கை
எல்லாம் ஈரத்துணியால் துடைத்தது போல் இழுபட்டன.
மெதுவாக.
இன்னும் மெதுவாக.
ஐந்தாவது தடவை ஒரு கேரளா பஸ் குறுக்கே வந்து
எல்லையை முழுசாக மறைத்துவிட்டது.
அதுதான் நல்ல டேக் என்கிறான் ஜிபின்.

அடுத்து டில்ட்.
ஓரமாக ஒதுக்கி நிறுத்திய கோழி லாரி.
டயரில் தொடங்கி, மருந்து தெளித்த ஈரத்தில் ஏறி,
கூண்டு, கூண்டு, கூண்டு.
மேல் வரிசையில் ஒரு கோழி
கம்பிக்கு வெளியே தலையை நீட்டி
கணவாய்க் காற்றுக்கு ஒரு கண்ணை மூடியிருந்தது.
அங்கே நிறுத்தினேன்.
காரணம்: அதற்கு மேல் வானம்தான்.

டிராலி கிடையாது.
இளநீர்க்காரரிடம் தள்ளுவண்டி கேட்டோம்,
இருபது காய் வாங்கினால் தருகிறேன் என்றார்.
ஏழுக்குப் பேசி முடித்தான் ஜிபின்.
ஒரு சக்கரம் நொண்டி.
நஸ்ரின் தள்ள, நான் மேலே குந்தி எடுத்ததில்
கோபாலபுரமே விக்கல் எடுத்தது.

பிறகு லாரிக்காரர் முகம் வேண்டியிருந்தது.
சாலைக்கு இந்தப் பக்கம் நின்று ஜூம் செய்தேன்.
முகம் வந்தது. மீசையில் பன் துகள்கூட வந்தது.
அவர் நேராக லென்ஸைப் பார்த்தார்.
"எதுக்குங் கண்ணு அங்கிருந்தே இழுக்கறீங்க?
நாலு எட்டு வெச்சு வாங்க."

நாலு இல்லை, பதினொன்று.
ஒவ்வொரு எட்டுக்கும் படம் மேலும் கீழும் மூச்சு விட்டது.
பெயர் குப்புராசு. உடுமலைப் பக்கம் பண்ணை.
நேற்று ராத்திரியிலிருந்து நிற்கிறார்.
பறவைக் காய்ச்சலாம், தாள் சரியில்லையாம்.
எத்தனை செத்தது என்று நான் கேட்கவில்லை.
"முப்பத்தாறு" என்றார்.
பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு
"முப்பத்தெட்டு."

பத்தரைக்கு அதிகாரி கையைச் சுழற்றிக் காட்டினார்:
திருப்பிக்கொண்டு போ.
கேமரா முக்காலியில் ஓடிக்கொண்டிருந்தது.
பேன் செய்திருக்கலாம்.
இடுப்பு ஞாபகம் இருந்தது. கால் ஞாபகம் இருந்தது.
லாரி பின்னுக்கு வந்து, முன்னுக்குப் போய், மறுபடி பின்னுக்கு வந்து
சட்டகத்தின் இடது ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்தது.
மிச்சம் சாலை.
வெள்ளை இறகுகள் சிறிது தூரம் கூடவே ஓடின,
அப்புறம் விட்டுவிட்டன.

இருபத்தெட்டு நொடி.
அசைவு என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.
காரணத்துக்கு இடம் போதாமல்
தாளின் பின்பக்கம் போக வேண்டியிருந்தது.

ஏழு இளநீரில் ஒன்றை அவர் குடித்தார்.
அது படத்தில் இல்லை.