வழி தவறியவர்களுக்கான பக்கம்

மொந்தெவிதேயோவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள்,
ஐந்து மணி நேரப் பேருந்தில்,
ஆளுக்கொரு மடிக்கணினியோடு.
பைசாந்துவின் மழை
அவர்களுடைய வெள்ளைக் காலணிகளை
வாசலிலேயே விசாரித்துவிட்டது.

நில்டா எசெகோயெனுக்கு இரண்டு லாரிகள்,
நாற்பது மீட்டர் குழாய்,
அதைவிட நீளமாய் ஒரு கடன்.
மலக்குழி நிரம்பினால் ஊருக்கு அவள் உறவு.
வற்றிய பிறகு
கடைத்தெருவில் யாரோ.

முதலில் கொழுந்தனின் மகன்தான் செய்து கொடுத்தான்,
இலவசமாய், ஒரு ஞாயிற்றுக்கிழமையில்.
தொலைபேசி எண்ணின் கடைசி மூன்று
எட்டாகிப் போயிருந்தது.
நான்கு மாதம்
ஒரு கேக் கடைக்காரி
பொங்கி வழியும் குழிகளின் கதையைக் கேட்டாள்.
பொறுமையாய்.
பிறகு அப்படியல்ல.

அதனால்தான் இந்த ஒப்பந்தம்.
பாதித் தொகை முன்பணம்.
மூன்று திருத்தங்கள் விலையில் அடக்கம்,
நான்காவதற்குத் தனி ரசீது.
நில்டா ஒவ்வொரு வரியையும்
இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டாள்.
குழாய்க்காரிக்குத் தெரியும்,
கசிவு எப்போதும் இணைப்பில்தான்.

"பக்கத்தைத் திறப்பவர் மனதில்
என்ன உணர்வு எழ வேண்டும்?"
ஃபியோரெல்லா கேட்டாள், பேனாவைத் திறந்துகொண்டு.
"போய்த் தொலைந்தது என்று."
ஃபியோரெல்லா அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

பச்சை வண்ணம் காட்டினார்கள்; இயற்கையாம்.
இந்தத் தொழிலில் பச்சை என்றால் வேறு,
என்றான் ஓட்டுநர் டார்தோ.
வெள்ளைக் கையுறை போட்ட ஒருவன்
பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் போட்டோவைக் காட்டினார்கள்.
டார்தோ சிரித்த சிரிப்பில்
மாத்தே குவளை கவிழ்ந்து
விலைப்பட்டியல் நனைந்தது.
கடைசியில் அவனையே நிற்க வைத்தார்கள்,
லாரிக்கு முன்னால், சிரிக்காமல்,
ஒரு கையால் வால்வைப் பிடித்தபடி,
குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பவனைப் போல.

ஒரு முழு மதியம் ஒரே சொல்லுக்காகப் போனது.
நாற்றம் என்று எழுதலாமா, கூடாதா.
எழுதினால் வருகிறவர் முகம் சுளிப்பார்,
எழுதாவிட்டால் எதற்கு வந்தோமென்று மறப்பார்.
(என் மொழியில் அந்தச் சொல்
ஒருகாலத்தில் பூவுக்கும் உரியதாய் இருந்தது.
அவர்களுக்கு அது உதவியிருக்காது.)
ஒருவழியாக இப்படி முடிந்தது:
"நாங்கள் போன பிறகு
ஜன்னலைத் திறந்து வைக்கலாம்."
அந்த வரி நில்டாவுடையது.
அதற்கு அவளுக்கு யாரும் பணம் தரவில்லை.

கிளம்புகிற நேரத்தில் யமாந்து,
இரண்டு நாளாய் வாயே திறக்காதவன், கேட்டான்:
"யாராவது இல்லாத பக்கத்தைத் தட்டினால்
ஒரு செய்தி வரும். என்ன போட?"
வழக்கமாய் என்ன போடுவீர்கள்?
"மன்னிக்கவும், என்று."
நில்டாவுக்கு அது பிடிக்கவில்லை.
இருட்டில் வீடு தேடும் லாரிக்கு
மன்னிப்பு எதற்கு?

அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை.
திருத்தங்கள் மூன்றும் தீர்ந்தன:
லோகோ ஒன்று, விலை ஒன்று,
டார்தோவின் பெயரில் ஒரு எழுத்து.
தளம் திறந்து ஒன்பதாம் நாள்
அவள் நான்காவதைக் கேட்டாள்.
ரசீதும் வந்தது, சற்றும் கூச்சமில்லாமல்.

இப்போது அந்தப் பக்கத்தில் இருப்பது இது:
"நீங்கள் தேடியது இங்கே இல்லை.
வந்த வழியே திரும்பி
முகப்புக்குப் போங்கள், விளக்கு எரிகிறது.
கேக் வேண்டியவர்கள்
கடைசி எண்ணை எட்டாக்கி அழைக்கவும்.
நன்றாகச் செய்கிறாள்."

கேக் கடைக்காரி நன்றி சொல்லவில்லை.
பார்த்தாளோ என்னவோ.

இரவு, லாரியின் முன்னிருக்கையில்,
பம்பு ஓடும் இரைச்சலில்
நில்டா கைபேசியைத் திறக்கிறாள்.
இன்றைய வருகையாளர்கள்: ஆறு.
அதில் நான்கு பேர்
அவளேதான்.