வரவுப் பக்கம்

நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குச்
சம்பளக் கணக்கு எழுதியவள் நான்.
பெர்னிக் ஆலையின் கடைசிப் பட்டியலில்
ரொசித்சா என்று என் பெயரையும்
நானே அடித்து, நானே கூட்டிச் சரிபார்த்தேன்.
பிழையில்லை.

இப்போது மூன்று பேர் கணக்கு.
அதுதான் உதைக்கிறது.

படுக்கையறை ரேடியேட்டரைத் திருகி மூடியாயிற்று.
சமையலறையில்தான் எல்லோரும் தூங்குகிறோம்,
கரியடுப்பின் சூடு வீணாகக் கூடாதென்று.
யாவோரின் காலணிக்கு ஒதுக்கியதை
மின்சாரத்துக்கு மாற்றினேன்,
மின்சாரத்துக்கு ஒதுக்கியதைப் பல்வலிக்கு.
பல்வலி என்னுடையது.
யோசித்து அதையும் திருப்பி எடுத்துக்கொண்டேன்;
வீட்டில் கிராம்பு இருந்தது.

ரொட்டி வாங்கிவரும் லூபென்
மீதிச் சில்லறையை எண்ணாமல் மேசையில் வைக்கிறான்.
நான் எண்ணுவேன் என்று அவனுக்குத் தெரியும்.
அவன் முதுகைத் திருப்பும்வரை காத்திருப்பேன்.

இன்று சோபியாவில் நேர்முகம்.
போக வர ரயிலுக்கு ஆறு லேவா.
என்னைவிடச் சின்னவள், நல்ல பெண்தான்,
கேட்டாள்: "இந்த ஏழு மாத இடைவெளியில்
என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"
பிப்ரவரியை மார்ச் வரை
இழுத்துக்கொண்டு வந்தேன்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
"வேலை தேடிக்கொண்டிருந்தேன்" என்றேன்.
சொல்லி அனுப்புகிறோம் என்றாள்.

இரவு நோட்டைத் திறந்தேன்.
செலவு: ரயில், ஆறு.
வரவுப் பக்கம் வெள்ளையாகவே கிடந்தது.
பேனாவைப் பிடித்தபடி
கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுதினேன்:

காபி, ஒன்று. அவர்கள் கொடுத்தது.
சர்க்கரை, இரண்டு பொட்டலம்.
ஒன்று பையில் இருக்கிறது.