ஒன்று புள்ளி ஒன்று

மூன்று புள்ளிகள் வரைந்திருந்தேன்.
ஒன்று உருண்டை. ஒன்று கொஞ்சம் சப்பை.
ஒன்று வாலோடு,
தூரிகையை எடுக்க மறந்து இழுத்துவிட்டதுபோல்.
அடுத்தடுத்து மெய்யெழுத்து வந்தால்
எழுத்துரு தானே மாற்றி மாற்றி வைக்கும்.
ஒரே புள்ளி இருமுறை விழுந்தால்
கை எழுதவில்லை என்று
கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பெயர்: சும்மா.
சும்மா எழுதினதுபோல் இருக்க
ஏழு மாதம், முத்தியால்பேட்டை மாடியறையில்.
ழ மட்டும் தொண்ணூறு தாள்.
ஒருவரும் எழுதாத ஙௌவுக்கும்
ஒரு மாலை முழுக்கக் கொடுத்தேன்,
வரவே வராத உறவுக்கும் இலை போடுவதுபோல்.

விற்பனைக் குறிப்பு:
பெரிய அளவுக்கு மட்டும்.
பலகை, பதாகை, பாட்டில் லேபிள்.
பத்திகளுக்கு ஆகாது.

தட்டிப் பார்த்த சொற்கள்:
ஐஸ்கிரீம். இறால் தொக்கு. ஆடித் தள்ளுபடி.
இன்றே கடைசி.
பூவின் வளைவுக்காக
பூரணி ஜவுளி என்று இல்லாத கடைக்கு
ஒரு வாரம் விளம்பரம் செய்தேன்.

கார்த்திகை மழையில்
குருசுக்குப்பம் முனையில் வண்டியை நிறுத்தினேன்.
ஆறுக்கு எட்டு ஃப்ளெக்ஸ்,
தண்ணீர் சொட்டச் சொட்ட, என் கையெழுத்து:
கண்ணீர் அஞ்சலி.
கீழே இஞ்ஞாசிமுத்து, படகு எஞ்சின் மெக்கானிக், ஐம்பத்திரண்டு.
இரண்டு ஞவும் வேறு வேறாக,
யாரோ உட்கார்ந்து எழுதியதுபோல்.
அதில் கொஞ்சம் பெருமை வந்தது. மறைக்கவில்லை.

பிறகுதான் மேல்வரி.
ணீயின் சுழி நீண்டு வந்து
பக்கத்து ர்-இன் புள்ளியை விழுங்கியிருந்தது.
கண்ணீர அஞ்சலி.
ஐஸ்கிரீமில் ம அகலம், தப்பித்துவிட்டது.
ர ஒல்லி.

வைத்திக்குப்பம், சவரிநாதன் கடை.
"இது சந்தோஷத்துக்குப் போடுற எழுத்துங்க."
மவுஸை விடாமல் சொன்னார்:
"பொண்ணு நாலு ஃபான்ட் பார்த்துச்சு மேடம்.
மெஷின் அடிச்ச மாதிரி வேணாம்,
அப்பாவைத் தெரிஞ்சவங்க எழுதின மாதிரி
இருக்கணும்னு இதைத் தொட்டுச்சு."

காசு கொடுத்துத்தான் வாங்கினீர்களா என்று
கேட்கப் போனவள்
குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றிரவு ணீயின் சுழியை இறுக்கினேன்.
புள்ளியைப் பதினெட்டு அலகு வலப்பக்கம் தள்ளினேன்.
திறந்தது திறந்தாயிற்று என்று
தட்டிப் பார்க்காதவற்றைத் தட்டினேன்:
மறைவு. ஆழ்ந்த இரங்கல்.
மன்னிக்கவும். கடை மாற்றப்பட்டது.
காணவில்லை.
காணவில்லையில் ணவுக்குப் பின்னால் ஒரு சந்து,
நாய்க்குட்டி நுழையும் அளவுக்கு.
விடியும்போது அதையும் அடைத்தேன்.

பதிப்பு 1.1: ணீர் சரிசெய்யப்பட்டது.
சவரிநாதனுக்கு அனுப்பினேன், விலை போடாமல்.
பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

முப்பதாம் நாள் பதாகையில்
ர்-இன் தலைக்குமேல் புள்ளி தனியாக இருந்தது.
வாலோடு இருப்பது.