நூற்று நாற்பதாவது ஆள்

எனக்கு ஓட்டு இல்லை.
எண்ணுகிறவனுக்கு ஓட்டு கிடையாது, அதுதான் விதி.
கட்டைவிரலுக்கு அடியில் ஒரு சின்னக் கருவி,
அழுத்தினால் டிக் என்று ஓர் ஆள் கூடும்.

அத்லோன் ஊரில் ஒரு விடுதிக் கூடம்.
மேலே சரவிளக்கு. சுவரோரம்
நேற்று யாருக்கோ நடந்த திருமணத்தின் ரோஜாத் துணுக்கு.
சன்னலுக்கு அப்பால் ஷானன் ஆறு
மார்ச் மழையைக் குடித்துக் கொழுத்து ஓடுகிறது.
தேசிய மாணவர் ஒன்றியத்தின் மாநாடு, இரண்டாம் நாள்.
முப்பத்தேழாம் தீர்மானம்:
பகுதிநேர மாணவர் மூவரை
ஒருவராகக் கணக்கிடும் பழைய விதியை நீக்குவது.

முன்மொழிய வந்தவள் ஃபிடெல்மா கில்ராய்.
பாலினாவின் இரவுக் கல்லூரி, முதியோர் பராமரிப்பு.
அங்கே படிப்பவர் அறுநூறு பேர்.
விதி அவர்களைப் பிழிந்து இருநூறாக்கி
ஒரே ஒரு நாற்காலி கொடுத்திருந்தது.
டப்ளின்காரர்கள் வந்தது இரண்டு பேருந்து நிறைய.

மேடையில் அவள் நீட்டி முழக்கவில்லை.
"பரீட்சையில் எங்களிடம்
மூன்றில் ஒரு கேள்விதான் கேட்டார்களா?
உங்கள் செயற்குழு கூடுவது செவ்வாய் மதியம் இரண்டு மணிக்கு,
பூட்டிய கதவுக்குப் பின்னால்.
அந்த நேரத்தில் நான்
ஒரு பெரியவருக்குச் சவரம் செய்துகொண்டிருப்பேன்."
சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

எதிர்த்துப் பேசியவன் ஓரன் டெவெனி.
நல்லவன்தான், நேற்றிரவு எனக்கு சூப் வாங்கித் தந்தவன்.
"கதவைத் திறக்கத்தான் வேண்டும், ஆனால்" என்றான்.
ஒரு குழு, அதற்கொரு அறிக்கை,
அறிக்கையை ஆராய இன்னொரு குழு.
எங்கள் தலைமையகமே
அந்த 'ஆனால்' மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது,
வாடகையும் இல்லை.

நாலரை மணி ரயிலுக்கு ஆட்கள் கழன்றுகொண்டிருந்தார்கள்,
கோட்டை மாட்டி, குனிந்து, நழுவி.
அப்போது பின்வரிசையில் ஒரு குரல்:
"கோரம் இருக்கிறதா?"

கோரம் நூற்று நாற்பது.
எண்ணினேன், வரிசை வரிசையாக.
ஊன்றுகோலை நாற்காலியில் சாய்த்திருந்த பெண், டிக்.
ஐரிஷ் மொழிபெயர்ப்பைக் காதில் மாட்டியபடியே
தூங்கிக்கொண்டிருந்தவன், அவனும் டிக்.
தூங்குகிறவனை எண்ணலாம், விதியில் இருக்கிறது.
நூற்று முப்பத்தொன்பது.

ஃபிடெல்மா எங்கே?
கதவருகில், தோளில் ஏழு மாதக் குழந்தையுடன்.
கூடத்துக்குள் குழந்தைக்கு அனுமதி இல்லை, காப்பீட்டுக் காரணம்.
வெளியே தங்கையிடம் விட்டிருந்தாள்,
பசித்து அழுதது, எழுந்து போனாள்.
இப்போது வாசலில் நிற்கிறாள்,
வலது கால் கூடத்துக் கம்பளத்தில்,
இடது கால் தாழ்வாரத்தில்.

தலைவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்.
'கூடத்தில் இருப்போர்' என்றுதான் இருக்கிறது.
வாசற்படி கூடமா?
பக்கங்கள் புரண்டன. குழந்தை ஏப்பம் விட்டது.
கூடம் முழுக்க என் கட்டைவிரலைப் பார்த்தது.
எனக்கு ஓட்டு இல்லை என்று சொன்னேனே.

டிக்.

தீர்மானம் தோற்றது.
தொண்ணூற்று நான்கு கை வேண்டும், எழுந்தது எண்பத்தைந்து.
அதில் ஒன்று வாசலில், குழந்தையைத் தாங்காத கை.
விதியைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு வேண்டுமாம்.
இந்த மூன்றுக்கும் அவளுக்கும் என்ன பகையோ.

தாழ்வாரத்தில் கேட்டாள்:
"என்னை எத்தனையாக எண்ணினாய்?"
ஒன்று என்றேன்.
"முழுசாகவா?"
"இதில் மூன்றில் ஒன்று கிடையாது."
கருவியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.
"இதைக் கொண்டுவந்து எங்கள் கல்லூரியையும்
எண்ணியிருக்கலாமே" என்றாள்.
பிறகு பேருந்துக்கு நேரமாகிவிட்டது, நாளை காலை ஷிப்டு.

கருவியைத் திருப்பித் தர வேண்டும்.
தருமுன் பூஜ்யத்துக்குச் சுழற்ற வேண்டும், அதுவும் விதி.
கோட்டுப் பையில்தான் கிடக்கிறது,
ஐந்து நாளாக,
நூற்று நாற்பதிலேயே.