காற்றுக்கு அந்தப் பக்கம்

உம்முல் ஸதஃப் பள்ளிக்கூட மொட்டைமாடியில்
நான்கு வருஷமாய் நான் பார்த்துக்கொண்ட இயந்திரம்
ஒரு ஃபிரிட்ஜ் உயரம்.
மூக்கை மட்டும் வெளியே நீட்டி
கந்தகத்தை எண்ணிக்கொண்டே இருக்கும்.

செவ்வாய்தோறும் வடிகட்டி மாற்றுவேன்.
வெள்ளையாய்ப் போட்டது
ஆட்டு ஈரல் நிறத்தில் கைக்கு வரும்.
கீழே மூன்றாம் வகுப்பில்
வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல்
பெஞ்சு பெஞ்சாய் இருமல்.

ஒருநாள் அதன் எண்ணை யாரோ படம் எடுத்து
ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள்.
நான் இல்லை. மூன்று தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
மறுநாள் மீன்காரர் ஜவாத் மர்ஹூன்
முப்பது பேரோடு நகராட்சி வாசலில் நின்றார்.
கோஷம் இல்லை. ஆளுக்கொரு கையில்
பிள்ளையின் இன்ஹேலர்.

எனக்குத் தூத்துக்குடி.
கூட்டம் என்றால் முதலில் ஞாபகம் வருவது
சாலையில் கிடந்த செருப்புகள்,
ஜோடி பிரிந்து.
அங்கே ஓட்டு இருந்தது.

இங்கே யாரும் சுடவில்லை.
உள்ளே கூப்பிட்டார்கள்.
குங்குமப்பூத் தேநீர், பேரீச்சம்பழம்.
அதிகாரி எழுந்துவந்து ஜவாதின் தோளில் முத்தமிட்டார்.
குழு ஒன்று போட்டார்கள், அவரையும் சேர்த்து.
படகு உரிமம் பற்றி ஒருவரும்
ஒரு வார்த்தை பேசவில்லை,
அது மேசைமேல் திறந்து கிடந்தது, அவ்வளவுதான்.
மகனுக்கு ஆலையிலேயே வேலை,
வியாழனுக்குள் அடையாள அட்டை.
பள்ளிக்கு அறுபது மரக்கன்று.
படம் எடுத்த வாத்தியார் ஹானி மட்டும்
விடுப்பில் இருப்பதாகச் சொன்னார்கள்.
எத்தனை நாள் என்று
தேநீர் ஆறும்வரை யாரும் கேட்கவில்லை.

அப்புறம் என்னை அழைத்தார்கள்.
ஒரே கேள்வி:
"ஷமால் எந்தப் பக்கமிருந்து அடிக்கும்?"
"வடமேற்கு, சார்."

நட்டுகளை நானே கழற்றினேன்.
ஒன்று துருப்பிடித்து வர மறுத்தது,
அதற்கு எண்ணெய் விட்டேன்.
கிரேன் தூக்கிக்கொண்டுபோய்
ஆலைக்கு வடமேற்கே
கோல்ஃப் புல்வெளி ஓரம் இறக்கியது.

இப்போது ஊர் நடுவே பெரிய திரை.
இன்றைய காற்று: நன்று. பச்சை எழுத்தில்.
ஜவாத் அதன் கீழே நின்று இருமிக்கொண்டிருந்தார்.
என்னைப் பார்த்ததும்
பாதி இருமலை விழுங்கிக்கொண்டார்,
குழு உறுப்பினர் அல்லவா.
நானும் வண்டியை நிறுத்தவில்லை.

செவ்வாய்தோறும் மாற்றுகிறேன்.
வெள்ளையாய்ப் போட்டது வெள்ளையாகவே வருகிறது.
பழைய வடிகட்டி, கடைசியாய்க் கழற்றியது,
என் கட்டிலுக்கடியில் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது.
விசா புதுப்பிக்க இன்னும் ஏழு வாரம்.
மூடியைத் தளர்த்தினால்கூடப் போதும்,
அறையில் ஆறு பேர் தூங்குகிறோம்,
எல்லோருக்கும் மூக்கு இருக்கிறது.